ஓட்டத்தை நிறுத்தாதீர்கள், சாலையை மீட்டெடுங்கள்

(பாலக்காடு மாவட்டம் கோபாலபுரத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



தனியாக ஓட்டப் பயிற்சிக்குச் செல்லும் பெண்களின் பாதுகாப்பு என்ற பொருள் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றபோது, இது கட்சிக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். விலைவாசி, வேலையின்மை, தென்னை விவசாயியின் நெருக்கடி, குடிநீர் என்று எத்தனையோ பிரச்சனைகள் இருக்க, இதற்கு ஏன் ஒரு மணி நேரம் என்பது அவர்களின் கேள்வி. நேர்மையான கேள்விதான். அதற்கு விடை சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கும் பாலக்காட்டுக்கும் போகும் சாலையை நாம் எல்லோரும் அறிவோம். விடிவதற்கு முன்பே அது விழித்துக்கொள்கிறது. கள் இறக்கும் தொழிலாளர்கள் தோப்புகளுக்குப் புறப்படுகிறார்கள். சித்தூர்க் கள்ளை மற்ற மாவட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள், பால் வண்டிகள், சோதனைச் சாவடியைக் கடக்கும் காய்கறி லாரிகள் என்று போக்குவரத்து தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் சாலையில் நிற்கும் ஆணிடம் "இந்நேரத்தில் இங்கே என்ன வேலை?" என்று யாரும் கேட்பதில்லை. அதே சாலையில், அதே நேரத்தில் ஒரு பெண் ஓடினால் அந்தக் கேள்வி எழுகிறது. சாலையில் கேட்கிறார்கள்; தேநீர்க் கடையில் கேட்கிறார்கள்; இறுதியில் அவளுடைய வீட்டிலேயே கேட்கிறார்கள். இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

யார் ஓடுகிறார்கள்?

ஓட்டம் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. பெருநகரப் பூங்காக்களை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். இந்த எல்லைக் கிராமங்களில் ஓடும் பெண்கள் யார் என்று பாருங்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் பெண் 400 மீட்டர் தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடிக் கடக்க வேண்டும். கேரளக் காவல்துறையிலும் பெண்களுக்கு உடல்திறன் தேர்வு உண்டு. ராணுவத்தின் பெண்கள் பிரிவுக்குச் செல்ல 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். கூலித் தொழிலாளியின் மகளுக்கு நிரந்தர வருமானமுள்ள அரசு வேலைக்கான கதவு அந்த ஓட்டத்தில்தான் திறக்கிறது. நகரத்தில் கட்டணம் செலுத்துகிறவர்களுக்குப் பயிற்சி மையம் உண்டு, செயற்கை ஓடுதளம் உண்டு. இவர்களுக்கு இருப்பது இந்தச் சாலை ஒன்றே.

பாலக்காட்டுக்கு இது புதிதல்ல. முண்டூரில் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பி.யு. சித்ரா, 2017-ல் புவனேஸ்வரத்திலும் 2019-ல் தோகாவிலும் நடந்த ஆசியத் தடகளப் போட்டிகளில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2017-ல் ஆசியத் தங்கம் வென்ற பிறகும் லண்டன் உலகப் போட்டிக்கான அணியில் அவர் சேர்க்கப்படவில்லை. அவர் கேரள உயர்நீதிமன்றம் வரை சென்று போராடினார். இடுக்கியின் மலைக் கிராமத்திலிருந்து வந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். மதுரை மாவட்டத்தின் ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டு, டோக்கியோ ஒலிம்பிக் வரை ஓடினார். பெண்பிள்ளையை ஏன் ஓட விடுகிறாய் என்று கேட்டவர்களின் பேச்சுக்கு அந்தப் பாட்டி செவிசாய்க்காததால்தான் அது நடந்தது. அவர் செவிசாய்த்திருந்தால் ரேவதியின் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். அப்படி அறியாமலே போன பெயர்கள் எத்தனை என்பதற்குக் கணக்கு இல்லை.

பெண்ணின் உடலால் நெடுந்தூரம் ஓட முடியாது என்று உலகமே ஒரு காலத்தில் சொன்னது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. பெண்கள் களைத்துப்போனார்கள் என்று காரணம் சொல்லி அடுத்த 32 ஆண்டுகள் அந்தப் போட்டியையே நீக்கிவிட்டார்கள். 1960-ல்தான் அது திரும்பி வந்தது. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று "உன் உடலுக்கு ஆகாது" என்றார்கள். இன்று "உன் பாதுகாப்புக்கு ஆகாது" என்கிறார்கள். காரணம் மாறியிருக்கிறது, வீட்டுக்குள் இரு என்ற கட்டளை மாறவில்லை.

பெண் வீட்டுக்குள் அடைபட்டதற்குப் பொருளாதார வேர் இருப்பதை எங்கெல்ஸ் 1884-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கட்சி வகுப்புகளில் அதைப் படிக்கிறோம். வேலைக்கும் பயிற்சிக்கும் வெளியே வரும் பெண்ணுக்கு நம் ஊர்ச் சாலை கிடைக்கிறதா என்பதில்தான் அந்தப் படிப்பின் பயன் தெரியும். இது கட்சிக் கூட்டத்தின் பொருளாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அவன் போடும் கணக்கு

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வயது பத்தொன்பது. காவலர் தேர்வுக்குப் படிக்கிறாள். காலை ஐந்து மணிக்கு ஓடப் போகிறாள். முதல் நாள் ஒரு மோட்டார் சைக்கிள் அவள் அருகே வேகத்தைக் குறைக்கிறது. மூன்றாம் நாள் அதே வண்டி பின்னால் வருகிறது. ஐந்தாம் நாள் அவன் கூசும்படி ஏதோ சொல்கிறான். எட்டாம் நாள் முதுகில் அடித்துவிட்டுப் பறக்கிறான். எந்த ஒரு வீட்டையும் குறித்து இதைச் சொல்லவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பெண் தோழர்கள் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அவள் வீட்டுக்கு வருகிறாள். யாரிடம் சொல்வாள்? அப்பாவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "நாளை முதல் ஓட வேண்டாம்." அண்ணனிடம் சொன்னால், "நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்?" அம்மாவிடம் சொன்னால், "வெளியே சொல்லாதே, கல்யாணம் பேசும் நேரம்." அவன் செய்த குற்றத்துக்கான முதல் தண்டனை அவளுக்கே கிடைக்கும். ஆகவே அவள் சொல்வதில்லை. நேரத்தை மாற்றுகிறாள், பாதையை மாற்றுகிறாள், தளர்ந்த உடையாகப் பார்த்து அணிகிறாள். ஒருநாள் தானாகவே நின்றுவிடுகிறாள். ஏன் நின்றாள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

தோழர்களே, அந்த மோட்டார் சைக்கிளில் வருகிறவன் முட்டாள் அல்ல. இருட்டு, ஆளில்லாத தோப்பு, விளக்கு எரியாத கம்பம் ஆகியவற்றையெல்லாம் அவன் கணக்கில் எடுத்துக்கொள்கிறான். ஆனால் அவன் பெரிதும் நம்புவது வேறொன்றை: இவள் வீட்டில் சொல்ல மாட்டாள். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது யார்? நாம்தான் கொடுத்தோம். ஓட்டத்தை நிறுத்துவதைப் பாதுகாப்பு என்று எண்ணும் ஒவ்வொரு குடும்பமும், தன்னை அறியாமல் அவனுக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததில் முதன்மையானது இதுதான். மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

பொள்ளாச்சி கற்றுத்தந்தது

இதற்கு நம் பக்கத்து ஊரைவிட வேறு சான்று தேவையில்லை. துணி எடுக்கவும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நாம் போகிற பொள்ளாச்சியில் என்ன நடந்தது? 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தார். ஒரு கும்பல் பெண்களோடு பழகி, பாலியல் வன்கொடுமை செய்து, காணொளி எடுத்து மிரட்டி வந்தது அம்பலமானது. மாதர் அமைப்புகளும் மாணவர்களும் இடதுசாரிக் கட்சிகளும் தெருவில் இறங்கினார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அந்தக் கும்பலின் ஆயுதம் எது? காணொளி மட்டுமல்ல. "வீட்டில் தெரிந்தால் உன் கதை முடிந்தது" என்ற அச்சம். குடும்ப மானம் பெண்ணின் உடலில் இருப்பதாக நம்பும் சமூகத்தில்தான் அந்த மிரட்டல் பலிக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காவல்துறை உயர் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். இனி யாரும் புகார் கொடுக்க முன்வராதபடி செய்யும் செயல் அது. சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கண்டித்து அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அத்தனைக்கும் பிறகு அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் உறுதியாக நின்றார்கள். அவர்கள் பேசியதால்தான் அந்த ஒன்பது பேரும் சிறையில் இருக்கிறார்கள்.

2019-ல் அந்தச் செய்தி வந்தபோது பல வீடுகளில் பெண்பிள்ளைகளின் கைபேசியைப் பறித்தார்கள்; தோழியரோடு வெளியே போவதைத் தடுத்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து கற்க வேண்டிய பாடம் அதற்கு நேர்மாறானது. வீட்டில் எதையும் சொல்ல முடிந்த பெண்ணை மிரட்ட முடியாது.

எல்லா எச்சரிக்கைகளையும் கடைப்பிடித்த பிறகும்

"கோட்பாடு சரி தோழர், ஆனால் உயிர் பெரிதா, ஓட்டம் பெரிதா?" என்று ஒரு தந்தை கேட்கலாம். மகள் மீதுள்ள அன்பினால் எழும் அந்தக் கேள்வியை நான் ஏளனம் செய்யமாட்டேன். அடங்கியிருந்தால் ஆபத்து விலகுமா என்று மட்டும் அவரோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

அயர்லாந்தின் டுலமோர் நகரில் 2022 ஜனவரி 12 அன்று ஆஷ்லிங் மர்ஃபி என்ற 23 வயது ஆசிரியை கால்வாய்க் கரையில் ஓடும்போது கொல்லப்பட்டார். இரவில் அல்ல, மாலை நான்கு மணியளவில். மக்கள் நடமாடும் பாதை அது. அந்நாட்டு மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றபோது, அவர் ஓடத்தானே போனார் என்று எழுதிய பதாகைகளைப் பிடித்தார்கள். அவர் எந்த எச்சரிக்கையை மீறினார் என்று தேடியவர்களுக்கு விடை கிடைக்கவில்லை.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2022 அக்டோபர் 26 அதிகாலையில் திருவனந்தபுரம் மியூசியம் பகுதியில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண் தாக்கப்பட்டார். தலைநகரின் மையம்; நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் நடக்கும் இடம்; காவல் நிலையம் அருகிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் காவல்துறை மெத்தனமாக நடந்துகொண்டது என்று அந்தப் பெண் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பின்னர் கைதானவர் ஓர் அமைச்சரின் தனிச்செயலாளருக்கு ஒப்பந்த ஓட்டுநராக இருந்தவர். அப்போது ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. எதிரிகள் சொல்வார்கள் என்பதற்காக இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆட்சி யாருடையதாக இருந்தாலும், காவல் நிலையத்தின் பழக்கம் தானாக மாறாது. அந்தப் பெண் விடாமல் பேசியதும் மக்கள் கேட்டதும்தான் வழக்கை நகர்த்தின.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வல்லுறவு செய்து கொல்லப்பட்டார். அவர் சாலையில் இல்லை, பணியிடத்துக்குள் இருந்தார். ஆகஸ்ட் 14 இரவு மேற்கு வங்கப் பெண்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்து இரவைக் கைப்பற்றினார்கள். மாநில அரசு என்ன செய்தது? இயன்ற இடங்களில் பெண்களுக்கு இரவுப் பணி கொடுப்பதைத் தவிர்க்குமாறு வழிகாட்டுதல் வெளியிட்டது. பாதுகாப்புத் தருவது அரசின் கடமை, பெண்களை வேலையிலிருந்து விலக்குவது தீர்வாகாது என்று உச்சநீதிமன்றம் கண்டித்த பிறகே அது பின்வாங்கியது. கொல்கத்தா அரசின் அந்தச் சுற்றறிக்கைக்கும், "நாளை முதல் ஓட வேண்டாம்" என்ற நம் வீட்டு உத்தரவுக்கும் என்ன வேறுபாடு?

1977-ல் இங்கிலாந்தில் தொடர்கொலைகள் நடந்தபோது, பெண்கள் இரவில் வெளியே வர வேண்டாம் என்று காவல்துறை அறிவுறுத்தியது. குற்றம் செய்வது ஆண், ஊரடங்கு பெண்ணுக்கா என்று கேட்டு லீட்ஸ் உள்ளிட்ட நகரங்களில் பெண்கள் நவம்பர் 12 இரவு தீப்பந்தங்களோடு ஊர்வலம் போனார்கள். நம் கேரளத்தில் 2019 டிசம்பர் 29 இரவு, பொது இடம் எனக்கும் உரியது என்ற முழக்கத்துடன் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை பெண்களின் இரவு நடையை நடத்தியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஓர் இரவு நடந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் பழைய நிலைக்குத் திரும்பினால் சாலை நம்முடையதாகாது. நாள்தோறும் ஓடும் அந்த ஒரு பெண்தான், யாரும் படமெடுக்காத இயக்கத்தை நடத்திக்கொண்டிருக்கிறாள்.

அயலான் மீது பழி போடும் அரசியல்

எல்லைப் பகுதியில் வாழும் நாம் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். எங்காவது ஒரு பெண் தொல்லைக்கு ஆளானால், உடனே செங்கல் சூளையிலும் தோப்பிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியை நோக்கி விரல் நீள்கிறது. அல்லது அந்தப் பக்கத்தான் என்று தமிழ்நாட்டுக்காரனையும், இந்தப் பக்கத்தான் என்று மலையாளியையும் குற்றம் சாட்டுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விவரங்களின்படி, பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுப்பவர்.

அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் லேகன் ரைலி என்ற செவிலியர் மாணவி காலையில் ஓடும்போது கொல்லப்பட்டார். கொன்றவர் வெனிசுலாவிலிருந்து வந்தவர். உடனே வலதுசாரிகள் அதைக் குடியேறியோர் அனைவர் மீதான வெறுப்பாக மாற்றினார்கள். 2025 ஜனவரியில் அந்தப் பெண்ணின் பெயரில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், திருட்டு போன்ற குற்றச்சாட்டுக்கு உள்ளாகும் ஆவணமற்ற குடியேறிகளைக் காவலில் வைக்கச் சொல்கிறது. ஓடும் பெண்களுக்கு ஒரு விளக்குக் கம்பம்கூட அதில் இல்லை. பெண்ணின் துயரத்தை எடுத்து உழைப்பாளிகளைப் பிளக்கும் இந்த வேலையைச் செய்யக் காத்திருக்கும் மதவாத அமைப்புகள் இங்கும் உண்டு. நாம் மௌனமாக இருந்தால் இந்தப் பிரச்சனையை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெண்ணுக்குக் காவல் என்ற பெயரில் பெண்ணையே காவலில் வைப்பார்கள்.

எல்லையில் சட்டம் எப்படிச் செயல்படுகிறது?

இனி நடைமுறைக்கு வருகிறேன். நம் ஊரின் தனிச் சிக்கல் இது: சில நூறு மீட்டர் ஓடினால் மாநிலம் மாறுகிறது. தொல்லை கொடுப்பவன் வண்டியைத் திருப்பினால் மறுமாநிலத்தில் இருக்கிறான். காவல் நிலையத்துக்குப் போனால், "இது எங்கள் எல்லை அல்ல" என்ற பதில் வரலாம். இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பூஜ்ஜிய முதல் தகவல் அறிக்கை என்று சொல்வது இதைத்தான். அதைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம்; மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவு, விருப்பமின்மையைத் தெரிவித்த பிறகும் பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறை மூன்று ஆண்டு வரையும், மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு வரையும் சிறை. சொல்லாலும் சைகையாலும் இழிவுபடுத்துவது 79-ஆவது பிரிவில் வருகிறது. உடல்மீது கை வைப்பது 74-ஆவது பிரிவு. குறைந்தது ஓராண்டு சிறை. 74, 79 உள்ளிட்ட பிரிவுகளில் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கே 199-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. புதிய சட்டங்களில் நாம் எதிர்க்கும் பகுதிகள் பல இருக்கின்றன. அதனால் பெண்கள் போராடிப் பெற்ற பிரிவுகளைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது. பின்தொடர்தலைத் தனிக்குற்றமாக்கியது 2013 சட்டத்திருத்தம். 2012 டிசம்பரில் டெல்லித் தெருக்களில் எழுந்த போராட்டமும், அதன்பின் 29 நாளில் அறிக்கை தந்த நீதிபதி வர்மா குழுவும் இல்லாமல் அது வந்திருக்காது.

மொழியும் இங்கே ஒரு தடை. நம் பெண் தமிழில் பேசுவாள். காவல் நிலையத்தில் மலையாளத்தில் எழுதுவார்கள். எழுதியது சொன்னதுதானா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தமிழர்களுக்கு அளிக்கிறது. புகாரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். இரு மொழியும் அறிந்த தோழர் ஒருவர் உடன் செல்லட்டும். படித்துக்காட்டி, புரிந்த பிறகே கையெழுத்து.

கிளைகள் செய்ய வேண்டியவை

முதலாவது, வெளிச்சம். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் தம் திட்ட நிதியில் குறைந்தது 10 சதவீதத்தை மகளிர் கூறுத் திட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். அது தையல் இயந்திரமாகவும் ஆட்டுக்குட்டியாகவும் மட்டுமே போக வேண்டியதில்லை. பெண்கள் நடக்கும், ஓடும், பேருந்துக்குக் காத்திருக்கும் இடங்களில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று ஒவ்வொரு கிளையும் ஒரு வாரத்தில் நடந்து பார்த்துப் பட்டியல் எடுக்கட்டும். கம்பத்தின் எண்ணோடு எழுதி, அடுத்த கிராம சபையில் வையுங்கள். அந்தப் பட்டியலைப் பெண்கள் தயாரிக்க வேண்டும். எங்கே அஞ்சுகிறோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சாலையோரப் புதர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறட்டும். தெருநாய்த் தொல்லையையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, மைதானம். பள்ளி மைதானங்கள் காலை ஐந்து முதல் ஏழு வரை பூட்டியே கிடக்கின்றன. அவற்றைத் திறந்துவிடச் செய்தால், எந்தப் பெண்ணும் லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டியதில்லை. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நம் தோழர்கள் இருக்கிறார்கள். பேசித் தீர்க்கக்கூடிய காரியம் இது.

மூன்றாவது, சாட்சிகள். விடியற்காலையில் அந்தச் சாலையில் இருப்பவர்கள் நம் ஆட்கள்: கள் இறக்கும் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், சுமைத் தொழிலாளர்கள், தேநீர்க் கடைக்காரர்கள். சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். ஒரு பெண் தொல்லைக்கு உள்ளாவதைக் கண்டால் அருகே சென்று நில்லுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டால் சாட்சி சொல்ல வாருங்கள். அவளுக்கு அறிவுரை சொல்ல வேண்டாம். அவள் எங்கே போகிறாள் என்று விசாரிக்கவும் வேண்டாம். நம் சங்கத்திலேயே அப்படித் தொல்லை கொடுப்பவன் இருந்தால், அவன் நம்மவன் என்பதால் மூடிமறைக்கக் கூடாது.

நான்காவது, துணை. சேர்ந்து ஓட விரும்பும் பெண்களுக்காக மாதர் அமைப்பும் வாலிபர் அமைப்பும் குழுக்கள் அமைக்கலாம். ஆனால் துணையோடுதான் ஓடலாம் என்று அதை விதியாக்காதீர்கள். பால் கறக்கும் நேரம், சமையல் நேரம், வேலைக்குப் போகும் நேரம் போக எஞ்சிய அரைமணியில் ஓடும் பெண்ணுக்குத் துணை கிடைப்பது எளிதல்ல. தனியாக ஓடுவதும் அவளுடைய உரிமைதான்.

ஓடும் தோழியருக்கும் சில சொல்கிறேன். புறப்படும்போது பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லுங்கள்; கைபேசியில் இருக்கும் இடத்தைப் பகிருங்கள். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்புறம் ஓடுங்கள். பின்னால் வந்து வேகம் குறைப்பவனுக்கு அது வசதியாக இராது. பாட்டுக் கேட்டால் ஒரு காதை விட்டுவையுங்கள். 112 அவசர எண். பெரும்பாலான கைபேசிகளில் மின்பொத்தானை மூன்று முறை விரைந்து அழுத்தினால் அந்த அழைப்பு போகும் வசதி உண்டு. உங்கள் கைபேசியில் அது வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். எல்லையில் கைபேசி அடுத்த மாநிலக் கோபுரத்தைப் பிடித்திருக்கலாம். ஆகவே பேசும்போது முதலில் மாநிலத்தையும் ஊரையும் சொல்லுங்கள். கேரளத்தில் பிங்க் காவல் ரோந்துக்கு 1515, பெண்கள் உதவிக்கு 181. பின்தொடர்பவனின் வண்டி எண், நாள், நேரம் ஆகியவற்றை முதல் நாளே எழுதிவையுங்கள். பின்தொடர்தல் வழக்கில் அந்தக் குறிப்பு வலுவான ஆதாரம். இவற்றில் எதையும் செய்யாத பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தாலும் குற்றம் அவளுடையது ஆகாது. இதை ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டில் தொடங்க வேண்டியது

இறுதியாக, ஆண் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். மேடையில் பெண் விடுதலை பேசுகிறோம். மார்ச் 8-க்கு வாழ்த்துச் சொல்கிறோம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளிடம், தங்கையிடம், மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: "வெளியில் உனக்கு யாராவது தொல்லை கொடுத்தால் என்னிடம் சொல். நீ சொன்னால் உன் ஓட்டத்தையோ படிப்பையோ வேலையையோ நான் நிறுத்த மாட்டேன். அவனை நிறுத்த என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்."

சொல்வதற்கு எளிய வாக்கியங்கள். காப்பாற்றுவது கடினம். மகள் ஒருநாள் உண்மையாகவே வந்து சொல்லும்போது நம் நெஞ்சு பதறும். "நாளை போகாதே" என்ற சொல் நாக்கின் நுனிக்கு வரும். அந்தக் கணத்தில் அதை விழுங்கிக்கொள்கிறவர்தான் அவளைக் காக்கிறவர். அவள் மீண்டும் வந்து சொல்வாள். சொல்லப்படும் என்று தெரிந்த ஊரில், அந்த மோட்டார் சைக்கிள் வேகம் குறைக்க யோசிக்கும்.

ஒவ்வொரு கிளையும் விளக்குக் கம்பப் பட்டியலோடும், மைதானம் குறித்துப் பள்ளியில் பேசிய விவரத்தோடும் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் அறிக்கையைப் பெண் தோழர்கள் வைக்கட்டும்.